எண்பத்தைந்து சதவீதம் ஜீன்ஸ்

உல்லாஸ்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் ராஜாஜி. 1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி, அவர் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது. தமிழ்நாட்டில் இது யாருக்கும் நினைவில்லை. உல்லாஸ்நகரிலும் யாரும் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்திறங்கிய அகதிகளைத் தங்கவைக்க, இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்துக்காக, பம்பாயை அடுத்த கல்யாணுக்குப் பக்கத்தில் போட்டிருந்த முகாமைத் திறந்துவிட்டார்கள். கல்யாண் கேம்ப் என்றிருந்த பெயர், அருகே ஓடும் உல்லாஸ் நதியின் பெயரால் மாறியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாரக்குகள், ராணுவத்துக்காரர்கள் கட்டியவை என்பதால் ஒன்றைப்போல் ஒன்று. சிப்பாய் படுத்து எழுந்து போவதற்குப் போட்ட வரைபடம் அது. அதற்குள் பாட்டி, பேரன், பிரசவம், பப்படம் இடுதல் எல்லாம் வந்து உட்கார்ந்தன. நடுவில் சாக்குத் திரை, பிறகு தகரம், பிறகு சுவர். தெருப்பக்கம் ஒரு திறப்பு விட்டால் கடை. இன்றைக்கும் பல முகவரிகளில் பாரக் எண், ரூம் எண் என்று வரும். ஊரின் பகுதிகளுக்கும் கேம்ப் 1 முதல் கேம்ப் 5 வரை எண்தான்.

பட ஃபைல்களோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் எனக்கு இந்த வரலாற்றில் ஒரு தனி ஈடுபாடு உண்டு. யாரோ யாருக்காகவோ ஒருமுறை முடிவு செய்து வைத்த அளவுக்குள், பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் தம்மைப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆன்லைன் கடைக்குப் பொருள்களைப் படமெடுத்து, வெட்டி, வெளுத்து, சதுரமாக்கி அனுப்பும் வேலையிலும் அதுதான் நடக்கிறது. ஒரு பேன்ட்டுக்குச் செய்ததைப் பதிந்து வைத்துக்கொண்டால் ஆயிரம் பேன்ட்டுக்கு ஓட்டலாம். அதைத்தான் டெம்ப்ளேட் என்கிறோம். செம்பூரில் இருந்துகொண்டு மாடுங்கா கடைகளுக்கும் தாராவிக்காரர்களுக்கும் உல்லாஸ்நகர் சேட்டுகளுக்கும் நான் இதைச் செய்து தருகிறேன். டெம்ப்ளேட்டில் எதைப் பூட்டுவது, எதைத் திறந்து விடுவது என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. மற்றதெல்லாம் பட்டன் அழுத்துவது.

இன்று உல்லாஸ்நகர் என்றால் ஜீன்ஸ். துணி வெட்டுவது ஓரிடம், தைப்பது ஓரிடம், ரிவெட் அடிப்பது ஓரிடம், நூல் பிசிறு நறுக்கும் தாகா கட்டிங் இன்னோரிடம். வாஷிங்கும் இங்கேயே நடந்தது. சாயக் கழிவு வால்துனி ஆற்றில் கலந்து, வழக்கு நடந்து, வாஷிங் யூனிட்கள் மூடப்பட்டு, பலர் வேறு ஊர்களுக்கு மாறினார்கள். முன்பெல்லாம் வெளியூர் வியாபாரி நேரில் வருவார். துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார். மூட்டை கட்டிக்கொண்டு போவார். இப்போதும் வருகிறார்கள். ஆனால் ஒரு பங்கு சரக்கு, வாங்குகிறவன் கை படாமலே போகிறது. அந்த விரலின் வேலையைப் படம் செய்தாக வேண்டும்.

கேம்ப் 5இல் ஒரு கடையின் மாடியறை. ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப்போட்டு, அதன் வெள்ளை முதுகைச் சுவரிலிருந்து தரைவரை மடிப்பில்லாமல் சரியவிட்டிருக்கிறார்கள். இரண்டு எல்இடி விளக்கு, பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மோகோல் பலகை. பேன்ட்டைத் தொங்கவிட்டுப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்கிறவள் தாராவியில் பிறந்த பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சேட்டிடம் இந்தி, போனில் மராத்தி, என்னிடம் வீட்டில் பழகிய தமிழ். சயானில் ஏறினால் கல்யாண் தாண்டி, விட்டல்வாடி தாண்டி உல்லாஸ்நகர். காலையில் கூட்டம் எதிர்த்திசையில் போவதால் உட்கார இடம் கிடைக்கும் என்பது இந்த வேலையில் அவளுக்குப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

பெரிய ஆன்லைன் சந்தைகளின் விதி கிட்டத்தட்ட ஒன்றுதான். அமேசானுடையதைச் சொல்கிறேன்: முதல் படத்தின் பின்னணி சுத்த வெள்ளை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255; 254 இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இயந்திரம் கண்டுபிடிக்கும். பொருள் சட்டகத்தில் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். நீளமான பக்கம் 1000 பிக்ஸலாவது இருந்தால்தான் வாங்குகிறவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். கடைப்பெயர், லோகோ, விலை, ஆஃபர் எதுவும் படத்தின் மேல் வரக்கூடாது.

அவள் இதை எப்படிப் பதிகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். போட்டோஷாப்பில் ஆக்‌ஷன் என்ற வசதி 1996இல் நான்காம் பதிப்போடு வந்தது. பதிவு பட்டனை அழுத்திவிட்டு ஒரு படத்துக்கு வேலை செய்தால், செய்த ஒவ்வொரு அடியையும் அது குறித்துக்கொள்ளும். முதலில் பின்னணியை வெட்டுவது. இதை இப்போது மென்பொருளே ஓரளவு செய்துவிடுகிறது. பெல்ட் லூப்புக்கும் இடுப்புப் பட்டைக்கும் நடுவில் தெரியும் சின்னச் சந்தில் ஒட்டியிருக்கும் பழைய பின்னணியை மட்டும் மறந்துவிடும். அதை அவள் பென் டூல் எடுத்துக் குத்திக் குத்தி எடுப்பாள். அதன் பிறகுதான் ரெக்கார்ட். டிரிம்: சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டி, பேன்ட்டின் விளிம்பு வரைக்கும் நெருங்குவது. ஃபிட் இமேஜ்: நீளப் பக்கத்தை 1700க்குக் கொண்டுவருவது. கேன்வாஸ் சைஸ்: 2000க்கு 2000, நடுவில் நிறுத்தி, சுற்றி வெள்ளை. 2000இல் 85 சதவீதம் 1700 என்ற கணக்கு இதற்குள் உட்கார்ந்திருக்கிறது. பேன்ட் எந்த சைஸானாலும், கேமரா எவ்வளவு தள்ளி இருந்தாலும், வெளியே வரும்போது ஒரே உயரம். கடைசியில் கொஞ்சம் ஷார்ப்பன், எஸ்ஆர்ஜிபி, ஜேபெக்.

இதில் ஒரு நுணுக்கத்தை அவளாகவே பிடித்திருந்தாள். ரூலர் பிக்ஸலில் இருக்கும்போது ஒரு தேர்வையோ கிராப்பையோ பதிந்தால், மேலிருந்து 400, இடமிருந்து 600 என்று அந்த இடத்தையே அது நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த படம் வேறு போனில் எடுத்தது என்றால் பேன்ட்டின் முழங்கால் மட்டும்தான் மிஞ்சும். ரூலரைச் சதவீதத்துக்கு மாற்றிவிட்டுப் பதிந்தால், படம் எந்த அளவில் வந்தாலும் விகிதம் பிசகாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. “பிக்ஸல்னா அந்தப் படத்துக்கு மட்டுந்தான் அண்ணாச்சி. சதவீதம்னா எல்லாத்துக்கும்” என்றாள். புத்தகம் எழுதுகிறவர்கள் இதற்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. டூபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் கிறிஸ்டி 1987இல் தொடங்கிய இமேஜ்மேஜிக் இன்றும் இலவசம். டிரிம், ரீசைஸ், கிராவிட்டி சென்டர், எக்ஸ்டென்ட் என்று ஒரே வரியில் கட்டளையை எழுதினால் அவள் செய்கிற அத்தனையும் ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் நடந்துவிடும். அதிலுள்ள மோக்ரிஃபை என்ற கட்டளையிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: வேறிடத்தில் சேமிக்கச் சொல்லாவிட்டால் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். டெம்ப்ளேட் தப்பாக இருந்தால் திரும்பிப் போக ஒன்றும் இருக்காது. நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் மூலப்படம் என்று தனியாக ஒரு ஃபோல்டரே கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

சரி, அந்த 255. சிறுபத்திரிகை படிக்கிற நண்பர்களிடம் இந்த வெள்ளையைப் பற்றிப் பேசினால் உடனே வருத்தப்படுவார்கள். இடம் போச்சு, தெரு போச்சு, செய்தவன் கை போச்சு, எல்லாப் பொருளும் எங்கிருந்தோ விழுந்தாற்போல நிற்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதை உல்லாஸ்நகரில் நின்றுகொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும். இந்த ஊரின் பேரைக் கேட்டாலே பம்பாய்க்காரன் சிரிப்பான். ‘மேட் இன் யூஎஸ்ஏ’ என்று போட்டு விற்பார்கள், கேட்டால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்பார்கள் என்பது மூன்று தலைமுறை பழைய ஜோக். நல்ல சரக்கு போட்டாலும் ஊர்ப்பேர் விலையைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட ஊருக்கு அந்த வெள்ளை ஒரு சலுகை. இஸ்தான்புல்லில் தைத்த பேன்ட்டும் கேம்ப் 5இல் தைத்த பேன்ட்டும் ஒரே சதுரத்தில், ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தெரு தெரியாமல் இருப்பதை இழப்பு என்று சொல்ல, சொந்தத் தெருவைப் பற்றி யாரும் ஜோக் அடிக்காத இடத்தில் பிறந்திருக்க வேண்டும். தாராவியில் தோல் பை செய்கிறவர்கள் இந்த வாதத்தை எனக்கு இன்னும் கூர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தமிழர்களுக்குப் பழக்கமான பழைய டெம்ப்ளேட் சிவகாசிக் காலண்டர். மேலே முருகனோ லட்சுமியோ, கீழே வெற்றுப் பட்டை. அந்தப் பட்டையில் மளிகைக்கடையோ நகைக்கடையோ தன் பெயரை அச்சடித்துக்கொள்ளும். அதற்கும் முன்னால், ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கி, பிறகு லோனாவாலா பக்கத்து மலவ்லிக்குக் கொண்டுபோன அச்சகம் இந்த வழக்கத்துக்கு அடிபோட்டது. கல்யாணில் பிரிந்து, உல்லாஸ்நகர் வழியாகக் கர்ஜத் ஏறி, அதே தண்டவாளத்தில் போனால் மலவ்லி வந்துவிடும். காலண்டரில் சாமி நிலை, கடை மாறும். ஆன்லைன் சதுரத்தில் எல்லாம் தலைகீழ்: வெற்றிடம் நிலை, பொருள் மாறும், கடைப்பெயருக்கு இடமே இல்லை. பட்டையை வெட்டிவிட்டார்கள். வெளிச்சம், அளவு, விகிதம் எல்லாவற்றையும் சந்தைக்காரன் முடிவு செய்துவிட்டபின் விற்கிறவன் கையில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று, பொருளின் நிறமும் நெசவும் சரியாகத் தெரிவது. அதைத்தான் டெம்ப்ளேட் முதலில் கெடுக்கும்.

நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தின் நிறத்தைத் தானே ஊகிக்கிறது. காட்சியில் உள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சராசரி ஏறக்குறைய சாம்பல் வரும் என்ற அனுமானம் அந்த ஊகத்தில் ஒரு முக்கியப் பங்கு. மனிதர், மரம், சுவர் என்று கலந்திருக்கும் காட்சிக்கு அது பரவாயில்லை. சட்டகம் முழுக்க இண்டிகோ நீலம் நிறைந்தால் அது வெளிச்சமே நீலமாக இருக்கிறது என்று நினைத்து, சமன் செய்ய மஞ்சளைக் கூட்டும். முழு பேன்ட்டைத் தள்ளி நின்று எடுத்த படத்தில் நீலம் நீலமாக இருக்கும். பின்பாக்கெட்டை நெருங்கி எடுத்த படத்தில் அதே பேன்ட் பழசாய், சற்றுக் காவி ஏறித் தெரியும். வாங்குகிறவருக்கு இரண்டும் இரண்டு பேன்ட். இதன்மேல் டெம்ப்ளேட்டில் ‘ஆட்டோ கலர்’ என்று ஓர் அடி சேர்த்துப் பதிந்திருந்தால் முடிந்தது கதை: ஸ்டோன் வாஷ், ஆசிட் வாஷ், ரா டெனிம் என்று மூன்று தனித்தனி விலைக்குரிய நீலங்களையும் அது ஒரே நடுத்தர நீலத்தை நோக்கி இழுக்கும். வாஷிங்காரர் நாள் முழுக்க நின்று உண்டாக்கிய வித்தியாசத்தை அரை நொடியில் தட்டி நிரவிவிடும். டெனிமுக்கு இன்னொரு வம்பும் உண்டு. பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை, சாய்ந்த நெசவு. படத்தைச் சிறிதாக்கும்போது அந்தச் சன்னக் கோடுகள் பிக்ஸல் கட்டங்களோடு மோதி, துணியில் இல்லாத அலை அலையான பட்டைகள் தோன்றும். ஷார்ப்பன் கூடினால் இன்னும் துலங்கும். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இந்த டிசைன் நம்மகிட்ட இல்லையே” என்று கேட்டதுண்டு.

பழுப்பின் கதை இன்னும் பழையது. கோடக் கம்பெனி வண்ணப்பட அச்சகங்களுக்குச் சரிபார்ப்பு அட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அதில் இருந்த பெண்ணின் பெயரை வைத்து எல்லா அட்டைகளுக்கும் ஷெர்லி கார்டு என்றே பெயராகிவிட்டது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். கறுத்த முகங்கள் அந்த அளவுகோலில் பல வருடம் தேய்ந்து போயின. கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர் லோர்னா ராத் இதைத் தோண்டி எடுத்து எழுதினார். அவர் கேட்டறிந்தது இது: பழுப்பைச் சரியாகப் பிடிக்கும்படி ஃபிலிமைத் திருத்தக் கோடக்கை நெருக்கியவர்களில் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் விற்கிறவர்களும் இருந்தார்கள். மில்க் சாக்லேட்டுக்கும் டார்க் சாக்லேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் தெரியவில்லை என்று. மனித முகத்துக்காகக் கேட்காத காது விளம்பரப் படத்துக்காகக் கேட்டது.

சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டில் வரிசையாக இருக்கும் தாராவித் தோல் கடைகளில் இதை நான் நினைத்துக்கொள்வேன். தோல் பதனிடும் தொழிலை அங்கே வேரூன்ற வைத்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகள் முக்கியமானவர்கள்; இன்று தோல் வெளியிலிருந்து வருகிறது, பையும் பெல்ட்டும் ஜாக்கெட்டும் இங்கே உருவாகின்றன. ஜீன்ஸுக்குப் பதிந்த ஆக்‌ஷனைத் தோல் பைக்கு ஓட்டினால், நீலத்தைத் தூக்கிக் காட்ட வைத்த சின்னத் திருத்தம் டேன் நிறத்தைப் பச்சை கலந்த ஏதோ ஒன்றாக மாற்றும். கறுப்புப் பையை ஆட்டோ லெவல் பிரகாசப்படுத்தப் போய்ச் சாம்பல் பை ஆக்கும். கடைக்காரர் ஒருவர் மூன்று பர்ஸை மேசையில் வைத்து, “இது டேன், இது காக்னாக், இது செர்ரி. உங்க படத்துல மூணும் ஒண்ணு பாய்” என்றார். கூசாமல் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பழுப்புகளைப் பார்க்கக் கற்றுக்கொடுக்காத கருவியால் பழுப்பைச் சரிசெய்ய முடியாது.

வெள்ளையில் வெள்ளை வைத்தால் என்ன ஆகும் என்பதை மாடுங்காவில்தான் பார்க்க வேண்டும். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் தென்னிந்தியர்களுக்கென்று விபூதியிலிருந்து வேட்டி வரை விற்கும் கடைகள் உண்டு. அதில் ஒரு கடை மாமாவுக்கு அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஆன்லைனில் வேட்டி விற்கலாம் என்று யோசனை. எட்டு முழ வேட்டி, ஜரிகைக் கரை, நேர்த்தியாக மடித்தது. பின்னணியை 255க்குத் தள்ளும் அடி வேட்டியின் உடம்பையும் சேர்த்துத் தள்ளிவிடும்; டெம்ப்ளேட்டுக்கு இரண்டும் வெள்ளைதான். அடுத்தது டிரிம். வெள்ளையெல்லாம் வெற்றிடம் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம், எனவே வேட்டியை முழுதாக வெட்டிவிட்டுக் கரையை மட்டும் பிடித்துக்கொள்ளும். அடுத்தது, 1700க்குப் பெரிதாக்கு. வெளியே வருவது, வெள்ளைச் சதுரத்தின் நடுவில் தகதகவென்று ஒரு தங்கப் பட்டை. சந்தையின் விதிகளில் ஒன்றையும் அது மீறவில்லை. பின்னணி சுத்தம், பொருள் 85 சதவீதம், எழுத்து எதுவும் இல்லை. “படம் பேஷா இருக்கு. வேட்டி எங்கேடா?” என்றார் மாமா.

வெள்ளைத் துணிக்கு வழி வேறு. பின்னணியை இளஞ்சாம்பலாக வைத்து எடுக்க வேண்டும். வெளிச்சத்தை முன்னிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்தால் மடிப்புகளில் மெல்லிய நிழல் விழும். அந்த நிழல்தான் வேட்டிக்கு உருவம். விளிம்பைக் கையால் வரைந்து பிரித்து, பின்னணியை மட்டும் வெளுத்து, ஓரத்தில் ஓர் இழை நிழலை விட்டுவைக்க வேண்டும். இதையும் டெம்ப்ளேட் ஆக்கலாம். ஆனால் நடுவில் ஒரு மனிதக் கை கட்டாயம்.

அந்தக் கைக்கு இடம் விடுவதற்கு ஆக்‌ஷனிலேயே ஒரு வசதி இருக்கிறது; பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. இன்சர்ட் ஸ்டாப். ஓடிக்கொண்டிருக்கும் அடிகளுக்கு நடுவில் ஓரிடத்தில் நிற்கச் சொல்லலாம். நிற்கும்போது திரையில் வரவேண்டிய வாசகத்தையும் நாமே எழுதிவைக்கலாம். கேம்ப் 5 பெண் நிறத் திருத்தத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாப் போட்டு வைத்திருந்தாள். வாசகம், ‘பேன்ட்டைப் பாரு’. தமிழில் அடித்திருந்ததற்குக் காரணம், சேட் படித்துவிட்டு எடுக்கச் சொல்லக்கூடாது என்பது.

அது கொஞ்ச நாள்தான் நின்றது. படம் நூறு, இருநூறு என்று வரிசையில் இருக்கும்போது பேட்ச் ஓடவிட்டுச் சாயா குடிக்கப் போனால், திரும்பி வரும்போது முதல் படத்திலேயே ‘பேன்ட்டைப் பாரு’ என்று நின்றுகொண்டிருக்கும். அந்தப் பெட்டியில் ‘அலவ் கன்டினியூ’ என்று ஒரு டிக் உண்டு. போட்டால் தொடரலாம் என்ற பட்டன் வரும். வந்ததும் கை தானாகப் பழகிவிட்டது. நிற்கும், அவள் தட்டுவாள், ஓடும். பேன்ட்டைப் பார்ப்பதற்கென்று வைத்த இடம், பார்க்காமல் தட்டுவதற்கான இடமாகிவிட்டது. தீபாவளி சீசனில் சேட் அதைக் கவனித்து, ஒரு படத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணி, எடுக்கச் சொல்லிவிட்டார். அவர் கணக்கில் அது நியாயம்தான்.

ஆனால் ரிட்டர்ன் வரும் கணக்கு வேறு ஒரு நோட்டில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விளம்பரத்தில் காட்டுவது பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன. சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க விற்றவர் மறுக்க முடியாது. எந்த நாட்டில் செய்தது என்பதையும் போட்டாக வேண்டும். வெள்ளைச் சதுரம் மறைத்த தெருவை, அதற்குக் கீழே பொடியெழுத்தில் ஒரு வரி நாடு என்ற அளவுக்காவது திருப்பிக் கொண்டுவருகிறது. ‘இந்தியா’ என்று போட உல்லாஸ்நகர்க்காரர் யாருக்கும் இப்போது தயக்கமில்லை. திரும்பி வருகிற பேன்ட்டில்தான் அடி. போக்குவரத்துச் செலவு, கசங்கிய பாக்கெட், மறுபடி இஸ்திரி. ‘கலர் வேற’ என்று ஒரு வரிக் காரணம்.

இப்போது இதையெல்லாம் தாண்டி, பேன்ட்டைக் கொடுத்தால் அதைப் போட்டு நிற்கும் ஆளையே உருவாக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன. பின்னால் பாரிஸ் தெருகூட வரும். வலப்பக்கப் பாக்கெட்டுக்குள் ஒரு குட்டிச் சில்லறைப் பாக்கெட் இருக்குமே, அது சில சமயம் காணாமல் போகும். தையல் இரட்டைக் கோடாக இருந்தது ஒற்றையாகும். நான் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. கண்ணில் படுகிற பொய்யைத் திருத்திவிடலாம். நீலத்தில் நாலு சதவீதம் மஞ்சள் ஏறினால் யாருக்குத் தெரியும்?

இப்போது அவள் வேறு மாதிரி செய்கிறாள். ஸ்டாப் ஆக்‌ஷனில் இல்லை, ஃபோல்டருக்குப் போய்விட்டது. ஒரு வாஷ் லாட்டுக்கு ஒரு ஃபோல்டர். ஒரே தொட்டியில் ஒன்றாக வெளுத்தவை ஒன்றாகவே இருக்கும் என்பது அவள் கணக்கு. போனின் நிற ஊகத்தைப் பூட்டிவிட்டு, லாட்டின் முதல் பேன்ட்டை மட்டும் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுக்கிறாள். அந்த ஒரு படத்துக்குத் திரையருகே பேன்ட்டையே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கில் ஒருமுறை பார்த்து, நிறத்தைச் சரிசெய்கிறாள். அந்தத் திருத்தம் அந்த ஃபோல்டருக்கு மட்டும். அளவும் வெள்ளையும் எப்போதும்போல எல்லாவற்றுக்கும் பொது. பார்க்க வேண்டியது ஒரு லாட்டுக்கு ஒரு தடவை என்பதால் சேட்டுக்கும் புகார் இல்லை. மூலப்படத்துக்குத் தனி ஃபோல்டர் இருக்கிறது. அது என் தொல்லையினால்.

லாட் சீட்டு மாறி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

“அதான் அண்ணாச்சி பிரச்சினையே. வாஷிங்குக்குப் போகும்போது பையன் சீட்டு எழுதிக் கட்டுதான். பென்சில்ல எழுதுதான். தண்ணியில போயிட்டு வந்தா நம்பரு இருக்காது. மார்க்கர் வாங்கிக் குடுங்கன்னு சேட்டுகிட்ட ரெண்டு மட்டம் சொல்லியாச்சு. இந்த வாரம் நானே ஒரு டப்பா வாங்கிப் போடப் போறேன், பில்லு அவருகிட்ட குடுத்துருவேன்.”